போத்தல் தங்கிய வீடு

இஞ்ஞாசிமுத்து தம் மகளைச் சந்தேகப்பட்டார்.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற ஆளும் இல்லை. ஆனால் போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று, மலேசியாவின் கெடா மாநிலத்து அலோர் ஸ்டாரில் ஒரு கடைக்கு மேலே தனியார் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவருக்கு அந்த உணர்வு பழக்கமானது. சட்டைக் காலருக்குள் எறும்பு புகுந்தது போல் கழுத்துக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே இருக்கும். பிடித்து எறியும்வரை தூங்கவிடாது.

கார் யான் என்ற கடலோர ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இருபுறமும் வயல். எதிரே குனோங் ஜெராய் மலை, மேகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றது. வண்டியை ஓட்டியவர் ரஃபேல். இஞ்ஞாசிமுத்துவின் மனைவி அகத்தாவின் தம்பி. லாரி ஓட்டி ஓய்ந்தபின் மச்சானுக்கு உதவியாளராகச் சேர்ந்தவர். சம்பளம் குறைவு, பேச்சு அதிகம்.

"மச்சான், எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல" என்றார் ரஃபேல். "கள்ளுலயும் ஈஸ்ட்டு இருக்கு, ரொட்டியிலயும் ஈஸ்ட்டு இருக்கு. ரெண்டும் ஈஸ்ட்டுதான? அதுக்கு ஏன் இவ்வளவு சூசா, இவ்வளவு தொல்லை?"

"தோட்டத்து நாயும் நாய்தான். போலீஸ் நாயும் நாய்தான். திருடனை மோப்பம் பிடிக்கச் சொல்லிப் பாரு, வித்தியாசம் தெரியும்."

"ஓ. அப்ப நம்ம புள்ள போலீஸ் நாயக் கொண்டாரேன்னு சொல்லிட்டு, தோட்டத்து நாயக் கழுவி நிறுத்திட்டான்னு சொல்றாங்க."

"அப்படித்தான் சொல்றாங்க."

விஷயம் அவ்வளவுதான். மகள் ஜானிஸ் படிப்பது உயிர்வேதியியலும் மூலக்கூறு உயிரியலும். இளங்கலையையும் முதுகலையையும் ஒன்றாகக் கட்டிய ஐந்தாண்டுப் படிப்பு. அவள் நான்காம் ஆண்டில் இருந்தாள். யான் கடலோரத் தென்னங்கள்ளில் வாழும் ஒரு காட்டு ஈஸ்ட், மற்றவை சாகிற சூட்டிலும் பிழைத்திருக்கும் என்பது அவள் எண்ணம். அதை நிரூபிப்பதுதான் ஆராய்ச்சி. ஈஸ்டருக்குப் பின், பரிசோதனை மாதிரியாகக் கள் போத்தல் ஒன்றைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கொடுத்தாள். அதிலிருந்து ஈஸ்ட்டைப் பிரித்து வளர்த்து மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அது காட்டு ஈஸ்ட் இல்லை, கடையில் விற்கிற ரொட்டி ஈஸ்ட் என்று தெரிந்தது. மாதிரியை எடுக்கவே போகாமல் வீட்டிலேயே போலியாகக் கலக்கிக் கொடுத்துவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. இன்று மாலை ஒழுங்குக் குழு கூடுகிறது என்று நேற்றுக் கடிதம் வந்தது. மோசடி என்று முடிவானால் முதுகலையோடு இளங்கலையும் போகும். ஒரே காவடியில் இரண்டு குடம். கம்பு முறிந்தால் இரண்டும் உடையும்.

"என் குடும்பத்துல யாரும் திருடினது இல்ல" என்றார் இஞ்ஞாசிமுத்து, மலையைப் பார்த்தபடி. "யாரும் பொய் சொன்னது இல்ல. யாரும் கள்ளைத் தொட்டது இல்ல."

ரஃபேல் இருமினார். "நான் பொண்ணு குடுத்த குடும்பம் மச்சான். இந்தக் கணக்குல என்னைச் சேத்துடாதீங்க."

கள் விஷயத்தில் இஞ்ஞாசிமுத்து விட்டுக்கொடுக்காதவர். அவருடைய தாத்தா தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் விழுந்து கிடந்ததைச் சொல்லிச் சொல்லி, அவர் தகப்பனாரை ஊரே கேலி செய்தது. தகப்பனார் கோயிலில் முழந்தாளிட்டுச் சபதம் செய்தார். மகன் அதை வீட்டுச் சட்டமாக்கினார். ஜானிஸ் தன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னபோதும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: அந்தச் சாமான் ஆய்வுக்கூடத்தோடு நிற்கவேண்டும், என் வாசல்படியைத் தாண்டக்கூடாது.

எறும்பு ஊர்ந்ததற்குக் காரணம் வேறு. நேற்று மகளிடம் அவர் ஒரு கேள்வி கேட்டார். சனிக்கிழமை காலையில் யானில் கள் எடுத்தாய். கெடாவில் சனிக்கிழமை விடுமுறை, ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடந்தது. ஞாயிறு ஈஸ்டர், நீ பூசையில் இருந்தாய். திங்கட்கிழமைதான் கொடுத்தாய். நடுவில் அந்தப் போத்தல் எங்கே தங்கியது?

"பத்தரமான எடத்துல இருந்துச்சுப்பா" என்றாள் ஜானிஸ். எந்த இடம் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். எத்தனையோ பேர் அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அப்படித் தலை குனிந்திருக்கிறார்கள். அவர்களில் நிரபராதி குறைவு.

*

குழந்தைவேலு அரசாங்க உரிமத்தோடு கள் இறக்குகிறவர். முறுக்கிய மீசை. தென்னந்தோப்பில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர், முன்னாள் போலீஸ்காரரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. மீசையை மட்டும் இன்னொரு முறை முறுக்கினார்.

"ஈஸ்ட்டா? என் கள்ளுலயா? பானையக் கீழ எறக்கும்போதே அது பொங்கிப் பேசிக்கிட்டுத்தான் எறங்குது. அதுக்குப் போய்க் கடைத்தூளு வாங்கிப் போட எனக்கென்ன காசு புடிச்சு ஆட்டுதா?"

"யாரும் உங்களைக் குத்தம் சொல்லல."

"சொல்லலன்னா எதுக்கு சட்டைப் பொத்தான் கழுத்து வரைக்கும் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறீங்க?"

"அவரு தூங்கும்போதும் அப்படித்தாண்ணே" என்றார் ரஃபேல்.

இஞ்ஞாசிமுத்து கைப்பேசியை நீட்டினார். ஆய்வுக்கூடத்தில் எந்த மாதிரி வந்தாலும் வாங்கிய உடனே படமெடுத்து வைப்பது வழக்கம். நீல மூடி போட்ட கண்ணாடிப் போத்தல், உள்ளே வெள்ளையாகத் திரவம்.

குழந்தைவேலு தூரமாகப் பிடித்துப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்தார். மீண்டும் தூரமாகப் பிடித்தார்.

"போத்தல் அந்தப் பாப்பாவோடது. சரக்கு என்னோடது இல்ல."

"படத்தைப் பாத்து எப்படிச் சொல்றீங்க?"

"கழுத்து வரைக்கும் நிக்கிது பாருங்க. நான் முக்காலுக்கு மேல ஊத்தவே மாட்டேன். ஊத்துனா பொங்கி வழிஞ்சு, ஏத்திட்டுப் போற காடி பூரா நாறிடும். ‘இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அங்கிள்’னு பாப்பாகூட கேட்டுச்சு. முடியாதுன்னுட்டேன். வேணும்னா கூட வந்த பையனக் கேளுங்க."



"எந்தப் பையன்?" என்றார் இஞ்ஞாசிமுத்து.

"பேரு தெரியாது. வேன் ஓட்டிட்டு வந்தான். வேன் மேல பெரிசா ரொட்டிப் படம் போட்டிருந்துச்சு. ஜித்ரா பேக்கரி வண்டி."

பஸ்ஸில் போய் வந்ததாக ஜானிஸ் சொல்லியிருந்தாள். எறும்பு இப்போது இரண்டாகிவிட்டது.

அவர் விடுவிடுவென்று காரை நோக்கி நடந்தார். ரஃபேல் பின்தங்கினார். "மச்சான், சாட்சிக்கு ஒரு போத்தல் வாங்கிக்கலாமா? இதே மரம், இதே கள்ளு…"

"வேண்டாம்."

"சாட்சின்னுதான் சொன்னேன். வெயிலுக்குன்னு சொல்லல."

"வேண்டாம்னு சொன்னேன், ரஃபேல்."

ரஃபேல் தலையாட்டினார். சிறிது நேரம் கழித்துக் காரின் பின்பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது. இஞ்ஞாசிமுத்து ரொட்டி வேனைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

*

ஜித்ரா பேக்கரியில் சூடான ரொட்டி மணம். மாவு படிந்த கைகளோடு வெளியே வந்த இளைஞன் சத்தியசீலன். ஜானிஸின் வகுப்புத் தோழன். அவரைப் பார்த்ததும் அவன் கையைத் துடைக்கத் துணியைத் தேடினான். துணி அவன் தோளிலேயே கிடந்தது.

"அங்கிள், பசியாறிட்டீங்களா?"

"அதுக்கு வரல. ஜானிஸோட கள்ளு மாதிரியில ரொட்டி ஈஸ்ட் இருந்திருக்கு. அந்த மாதிரி ரொட்டி வண்டியில வந்திருக்கு. ஓட்டினது நீ."

"ஆமாங்க அங்கிள்."

"அடுத்த வருஷம் உங்க பேராசிரியர் டாக்டர் ஷீலாவோட ஆய்வுக்கூடத்துல எத்தனை பேருக்கு இடம்?"

சத்தியசீலன் தோளிலிருந்த துணியை இப்போதுதான் கண்டுபிடித்தான். "ஒருத்தருக்குத்தான்."

"போட்டியில யார் யாரு?"

"நானும் அவளும். ஆனா அங்கிள், அவ போயிட்டா எனக்குப் பாடம் சொல்லிக்குடுக்க ஆளே இல்ல. நான் பாஸாகுறதே அவளாலதான்."

"நல்ல சாட்சி" என்றார் ரஃபேல், ஒரு பன்னை எடுத்துக்கொண்டே. "தன் தலையில தானே மண்ணள்ளிப் போட்டுக்குது."

"என்னையும்தான் ஆய்வுக்கூடத்துக்காரங்க சந்தேகப்பட்டாங்க. எங்க பேக்கரி ஈஸ்ட்டையும் எடுத்துட்டுப் போய்ப் பாத்தாங்க, ஒத்துப் போகல. நாங்க வாங்குறது மூட்டை, வேற கம்பெனி. ஜானிஸ் மாதிரியில இருந்தது வீட்டுக்கு வாங்குற வகை அங்கிள். சூப்பர்மார்க்கெட்டுல சின்ன மஞ்சள் பாக்கெட்டுல விப்பாங்களே, அது."

இஞ்ஞாசிமுத்துவின் முகத்தில் எதுவும் அசையவில்லை. ஆனால் அவர் அடுத்த கேள்வியைக் கேட்கக் கொஞ்சம் தாமதமானது.

"இங்கேருந்து போத்தல் எங்க போச்சு?"

"இங்க வரவே இல்ல."

"பின்னே எங்க போச்சு?"

"சொல்லமாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் அங்கிள். மன்னிச்சிருங்க."

இஞ்ஞாசிமுத்து ஓர் அடி முன்னால் வைத்தார். ரஃபேல் பன்னோடு நடுவில் வந்தார்.

"தம்பி, வாக்கக் காப்பாத்து லா. நீ ஒண்ணும் சொல்லவேணாம். நான் எடம் எடமாச் சொல்லிக்கிட்டு வரேன். தப்பான எடத்துக்குத் தலைய மட்டும் ஆட்டு. அது வாக்குல வராது. ஆய்வுக்கூடமா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"உன் வீடா?"

தலையாட்டினான்.

"ஹாஸ்டலா?"

தலையாட்டினான்.

"எங்க மச்சான் வீடா?"

சத்தியசீலனின் தலை அசையவில்லை.

"பின்வாசல் வழியாக் கொண்டுட்டுப் போனா" என்றான் மெதுவாக. "ஆய்வுக்கூடம் பூட்டியிருந்துச்சு அங்கிள், எங்க வண்டியில குளுருபெட்டி இல்ல. வெளிய வச்சா கள்ளு புளிச்சுக் கெட்டுடும். வேற வழி இல்ல. ‘அப்பாவுக்குத் தெரிஞ்சா வீட்டையே கழுவி விட்ருவாரு’ன்னு சொன்னா."

*

அலோர் ஸ்டார் வரும்வரை இஞ்ஞாசிமுத்து சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சின்ன மஞ்சள் பாக்கெட். அதை அவர் பார்த்திருக்கிறார். கையில் பிடித்திருக்கிறார். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, ஆப்ப மாவுக்கென்று அகத்தா கேட்டதால் கடைக்குப் போய் வாங்கி வந்தவர் அவரே. போத்தல் அந்த வீட்டில் இருந்தது. ஈஸ்ட் அந்த வீட்டில் இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கத் தெரிந்த மாணவியும் அந்த வீட்டில் இருந்தாள். எந்த நீதிபதியும் இதற்கு மேல் கேட்கமாட்டார்.

வீட்டில் ஜானிஸ் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அகத்தா அடுப்புப் பக்கம் திரும்பி எதையோ கிளறிக்கொண்டிருந்தார்.

"அந்தப் போத்தல் இந்த வீட்டு ஐஸ்பெட்டியில இருந்துச்சு" என்றார் இஞ்ஞாசிமுத்து. அது கேள்வி இல்லை.

ஜானிஸ் தலை நிமிர்ந்தாள். "ஆமாப்பா. கீரைக்குப் பின்னால மறைச்சு வச்சிருந்தேன். தப்புதான்."

"என் சட்டத்தை மீறினதைப் பத்திப் பிறகு பேசலாம். யான்ல முக்கால் போத்தல்தான் ஊத்திக் குடுத்திருக்காங்க. ஆய்வுக்கூடத்துல நீ குடுக்கும்போது கழுத்து வரைக்கும் இருக்கு. எப்படி?"

"பொங்கியிருக்கும்னு நெனச்சேன்."

"பொங்குனா வழியும் பாப்பா, அளவு ஏறாது" என்றார் ரஃபேல், வருத்தத்தோடு.

"போத்தல் கவுந்து கிவுந்து போச்சா, சிந்திப் போச்சா? பயந்து நீயா ஏதாவது கலந்து வச்சியா? உண்மையச் சொல்லு. உண்மை எவ்வளவு கேவலமா இருந்தாலும் நான் கூட நிப்பேன். பொய்யோட நிக்கமாட்டேன்."

ஜானிஸ் அழவில்லை, அவர் மகள்.

"அந்தக் குழுவாச்சும் இன்னிக்கு சாயந்தரம் கேள்வி கேட்டுட்டுத்தாம்பா முடிவெடுக்கப் போறாங்க. நீங்க முடிவெடுத்துட்டு வந்து கேக்குறீங்க."

அந்த வார்த்தை அவர் நெஞ்சில் பட்டது. பட்டதைக் காட்டாமல் அவர் சுவரைப் பார்த்தார். அப்போதுதான் அகத்தாவின் சேலை கண்ணில் பட்டது. சரிகை போட்ட சேலை. பூசைக்கு மட்டும் கட்டுவது. இன்று புதன்கிழமை.

அடுப்பில் மீன் குழம்பு கிளறுகிறவள் எதற்குப் பூசைச் சேலை கட்டுகிறாள்? எங்கே போகப் புறப்பட்டிருக்கிறாள்?

சூழ்நிலை புரியாதவர் போல ரஃபேல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அக்கா, ஆப்பம் மிச்சமிருக்கா?"

"புதன்கிழமை ஏதுடா ஆப்பம்? ஞாயித்துக்கெழமைதான் சுடுவேன்."

"ஈஸ்டர்லேர்ந்து எல்லா ஞாயிறும் சுடுறியே, ஒண்ணு ரெண்டு மிச்சம் வைக்கக்கூடாதா?"

இஞ்ஞாசிமுத்து மெல்லத் திரும்பினார். அவருடைய குரல், மகளை விசாரித்த குரலைவிட மெதுவாக இருந்தது.

"அகத்தா. ஈஸ்டருக்கு நான் எத்தனை பாக்கெட் வாங்கிட்டு வந்தேன்?"

"ஒண்ணுங்க. ஒண்ணுதான கேட்டேன்."

"அதுக்கப்புறம் வாங்குனியா?"

"இல்ல."

"அந்த ஒரு பாக்கெட் போத்தலுக்குள்ள போயிருக்கு. குழு அதைத்தான் கண்டுபிடிச்சிருக்கு. அப்ப ஆப்பம் எதுல பொங்குச்சு?"

கரண்டி நின்றது.

குழம்பு மட்டும் கொதித்தது. அகத்தா அடுப்பை அணைத்து, கையை முந்தானையில் துடைத்து, கணவரை நேராகப் பார்த்தார்.

"கள்ளுல" என்றார்.

ரஃபேலின் வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. அவர் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"எங்க வீட்டுல கள்ளு ஊத்தாம ஆப்ப மாவு கரைச்சதே இல்லீங்க. உங்க வீட்டுக்கு வந்ததுலேர்ந்து அந்தப் பாக்கெட்டுத் தூள்லதான் சுடுறேன். நீங்களும் வருஷா வருஷம் ‘பரவால்ல’ன்னு சொல்லிட்டு கையக் கழுவிட்டுப் போயிருவீங்க. அந்தச் சனிக்கிழமை கீரை எடுக்க ஐஸ்பெட்டியத் தொறந்தேன். வாசம் வந்துச்சு. விடிஞ்சா ஆண்டவர் எழுந்த திருநாளாச்சே, ஒரு நாளு நல்ல ஆப்பம் போடலாமேன்னு தோணிருச்சு."

"அம்மா!" என்றாள் ஜானிஸ்.

"எடுத்தது உனக்குத் தெரிய வேணாமேன்னு, எளநி வெட்டி ஊத்தி, சீனியப் போட்டு, அந்தப் பாக்கெட்டக் கொட்டி வச்சேன். விடிஞ்சு பாத்தா அதே மாதிரி நொரையோட நிக்கிது. இதும் பொங்குது, அதும் பொங்குது, ரெண்டும் ஒண்ணுதானன்னு நெனச்சிட்டேன்டி."

"காலையில நான் கேட்ட அதே கேள்வி" என்றார் ரஃபேல். "எங்க குடும்பத்து மூளை மச்சான். கலப்படமே இல்ல."

"நேத்தே ஏன் சொல்லல?" என்று கேட்டார் இஞ்ஞாசிமுத்து.

"நேத்து நீங்க கடிதத்தப் படிச்சுச் சொன்னப்பதான் எனக்கே வெளங்குச்சு. சொல்ல வாயத் தொறந்தேன். உங்க மூஞ்சியப் பாத்தேன். மூடிக்கிட்டேன்." அகத்தா சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டார். "அதான் உங்ககிட்ட சொல்லாம நேரா அங்க போயே சொல்லிடலாம்னு கெளம்பி நிக்கிறேன்."

இஞ்ஞாசிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஈஸ்டர் காலை நினைவுக்கு வந்தது. ஓரம் சரிகை போல் முறுகி, நடுவில் பஞ்சாக இருந்த ஆப்பம். ‘இன்னும் ரெண்டு போடு’ என்று கேட்டது அவர் வாய்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கேட்டதும் அந்த வாய்தான். வீட்டில் இருந்த கள்ளைத் தேடி ஊரெல்லாம் அலைந்தவர், தேடிய பொருளைத் தின்று ஏப்பம் விட்டிருக்கிறார்.

ரஃபேல் குரலைத் தாழ்த்தினார். "மச்சான், அக்கா பேரு வெளிய வரவேணாம். வீட்டு வேலைக்கு வந்த யாரோ தெரியாம மாத்தி ஊத்திட்டாங்கன்னு சொல்லிருவோம். யாரு வந்து பாக்கப் போறா?"

"இருங்க மாமா." ஜானிஸ் எழுந்து நின்றுவிட்டாள். அவள் கண்கள் வேறு மாதிரி மின்னின. "ஈஸ்டர் மாவுல கள்ளு போட்டீங்க. சரி. அடுத்த ஞாயித்துக்கெழமை கள்ளு ஏது? எதுலம்மா பொங்குச்சு?"

"பழைய மாவுல கொஞ்சம் எடுத்து வச்சுப் புதுசுல கலக்கணும்டி. எப்பவும் செய்யுறதுதான்."

"எல்லா வாரமும் எடுத்து வச்சீங்களா? இப்பவும் இருக்கா?"

"ஐஸ்பெட்டியில அடித்தட்டுல. அந்தச் சில்வர் தூக்குல."

ஜானிஸ் ஓடிப்போய்த் தூக்கை எடுத்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள். புளித்த மாவில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒவ்வொன்றாக எழும்பி உடைந்தன.

"அப்பா, செத்துப் போகலப்பா. இங்கதான் இருக்கு, உயிரோட. அம்மா வாரா வாரம் சோறு போட்டு வளத்திருக்காங்க. என்னோட யான் ஈஸ்ட்." அவள் சிரித்தாள், உடனே முகம் சுருங்கியது. "ஆனா இது யான்ல இருந்துதான் வந்துச்சுன்னு காட்ட, அதே மரத்துக் கள்ளோட ஒப்பிட்டுப் பாக்கணும். இப்பப் போய்ட்டு வர நேரமில்ல."

ரஃபேல் கூரையை ஆராயத் தொடங்கினார்.

"மச்சான், கோவப்படாதீங்க. காடி பூட்டுல, பின்பெட்டியில, ஒரு சாமான் இருக்கு."

"நான் வேண்டாம்னு சொன்னேன்."

"சொன்னீங்க. நானும் நல்லாக் கேட்டுக்கிட்டேன். முக்கால் போத்தல்தான் ஊத்திக் குடுத்தாரு."

இஞ்ஞாசிமுத்து எழுந்தார். உள்ளே போய், மணவிழாவுக்கும் நீதிமன்றத்துக்கும் மட்டும் போடுகிற கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். சில்வர் தூக்கைத் தாமே கையில் எடுத்தார்.

"வேலைக்காரி மேல பழி போட்டு என் பேரைக் காப்பாத்துற நெலமை வந்தா, அந்தப் பேரு எனக்குத் தேவையில்ல" என்றார். "அகத்தா, கெளம்பு. சேலை நல்லாத்தான் இருக்கு."

*

குழு நீண்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. நடுவில் டாக்டர் ஷீலா. மூக்கின் நுனியில் கண்ணாடி, அதற்கு மேலே நம்பாத கண்கள். மேசையில் ஒரு தூக்கு மாவும் முக்கால் போத்தல் கள்ளும் வைக்கப்பட்டபோது, ஒரு பேராசிரியர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

அகத்தா நடந்ததைச் சொன்னார். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"மாவையும் இந்தக் கள்ளையும் சோதிச்சுப் பாக்கலாம். ரெண்டும் ஒத்துப்போனா நீங்க சொன்னது நிக்கும்" என்றார் டாக்டர் ஷீலா. "ஆனா ஒரு தாய் மகளுக்காக எதை வேணும்னாலும் சொல்லுவாங்க. மாவுல இன்னிக்குக் காலையிலகூட கள்ளை ஊத்திக் கொண்டு வந்திருக்கலாம். ஈஸ்டர் அன்னிக்கே ஊத்தினதுக்கு என்ன ஆதாரம்?"

ஜானிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சாட்சி இருக்கு" என்றார் இஞ்ஞாசிமுத்து.

அவர் எழுந்து நின்றார். நீதிமன்றத்தில் நிற்பது போல் முதுகு நேராக இருந்தது.

"நான் ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். கள்ளு என் வாசப்படியத் தாண்டக்கூடாதுங்கிறது என் குடும்பச் சட்டம். அந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் என் மக மறைச்சா. அதுக்குப் பயந்துதான் என் மனைவி மாத்தி ஊத்தினா. அந்த ரொட்டி ஈஸ்ட்டைக் கடையில வாங்கி வீட்டுக்குள்ள கொண்டு வந்தது நான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவ கையால சுட்ட ஆப்பம் சாப்பிடுறேன். ஒரு தடவையும் ரெண்டாவது ஆப்பம் கேட்டதில்ல. ஈஸ்டர் அன்னிக்குக் கேட்டேன். அதுக்கப்புறம் எல்லா வாரமும் கேட்டேன்." அவர் அகத்தாவைப் பார்த்தார். "அதுல கள்ளு இருந்துச்சு. சாப்பிட்டவன் சொல்றேன். ரொம்ப நல்லா இருந்துச்சு."

டாக்டர் ஷீலா கண்ணாடியைக் கழற்றினார். சிரிப்பை அடக்க அவருக்கு அது உதவியது. பக்கத்தில் இருந்தவர்களோடு தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு முன்னாலிருந்த தாளில் எதையோ அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மோசடிங்கிற சொல்லை எடுத்துடுறோம். மாதிரி வெளியில கெட்டுப்போன சம்பவம்னு பதிவாகும். வீட்டு ஐஸ்பெட்டியில வச்சதுக்கு எச்சரிக்கை உண்டு. அதுலேருந்து தப்பிக்க முடியாது, ஜானிஸ். ரெண்டு பட்டத்துக்கும் ஆபத்து இல்ல. நாளைக்கு என் முன்னால இந்த மாவுலேர்ந்து நீயே ஈஸ்ட்டைப் பிரிச்சு எடுக்கணும்." தூக்கை இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். "இது முழுசா எங்களுக்கு வேணும்."

"முழுசுமா?" என்றார் அகத்தா.

*

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. பின்னால் ஜானிஸ் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். முன்னால் இஞ்ஞாசிமுத்து கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சந்திப்பு வந்தது. வலப்பக்கம் வீடு.

"ஞாயித்துக்கெழமைக்கு மாவு இல்ல" என்றார் அகத்தா, யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல். "மறுபடியும் பாக்கெட்டுத்தான்."

ரஃபேல் வலப்பக்கம் திரும்ப சிக்னல் போட்டார்.

"ரஃபேல்" என்றார் இஞ்ஞாசிமுத்து. "யான் வழியாப் போ."

ரஃபேல் திரும்பிப் பார்த்தார். மச்சானின் முகம் கல்லாகவே இருந்தது.

"மாவுக்கு மட்டும். குடிக்கிறதுக்கு இல்ல."

"சரி மச்சான். வாசப்படி?"

இஞ்ஞாசிமுத்து காலரைச் சரிசெய்துகொண்டார். கழுத்தில் எறும்பு எதுவும் இல்லை.

"பின்வாசல் வழியாக் கொண்டா" என்றார்.